காலண்டரில் என் வலது கண்

எங்கள் ஊருக்கு நிவாரணமாக வந்தவற்றில் கம்பளிச் சட்டைதான் அதிகம். கடலூரில் கம்பளி. மார்கழிப் பனியையே ஒரு துண்டை முண்டாசாகக் கட்டிச் சமாளித்துவிடுகிற ஜனங்களுக்கு முழங்கை வரை கையுறை. எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில் யாரோ நல்ல மனதோடு பீரோவைக் காலி செய்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாலையோரத்தில் குவிந்து, மழையில் ஊறி, மாடுகூட முகர்ந்து பார்க்காமல் கிடந்த அந்தத் துணிகளோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. அதில் தொலைநோக்கிகள் இருந்தன. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாக அனுப்பியிருந்தார்கள்.

அலையில் எங்கள் வீட்டு ஆட்கள் தப்பினோம். வீடு தப்பவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் அப்போதுதான் முதல்தடவையாக எங்கள் குப்பத்துக்குள் கால் வைத்தவர்கள்.

நான் இயற்பியல் படித்தவள். மீன்கூடை சுமந்த அம்மாவின் தலையில் ஏறித்தான் சிதம்பரம் வரை போய் எம்.எஸ்ஸி. முடித்தேன். 2004 ஜூனில், தேர்வெல்லாம் முடிந்து விடுதி அறையைக் காலி செய்துகொண்டிருந்த நேரத்தில், வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்தது. துறைக் கட்டடத்து மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்து, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தார்கள். தாளில் தட்டு அளவுக்குச் சூரியன் விழுந்தது. அதில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. வரிசையில் நின்று பார்த்த எனக்குச் சப்பென்று போய்விட்டது. இதற்கா வெயிலில் நின்றோம் என்று என் அறைத் தோழியிடம் முணுமுணுத்தேன். "நேரா பாக்க வேணாமாடி? பேப்பர்ல பாக்கறதுக்கு டிவிலயே பாத்துக்கலாமே" என்றேன். அவள் தாளில் அந்தப் புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை எட்டு வருடம் கழித்து வரும், அதை விட்டால் நம் ஆயுசில் இல்லை என்று சொன்னார்கள். எட்டு வருடம்தானே என்று இறங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் நாங்கள் தகரக் கொட்டகையில் இருந்தோம். பகலில் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகைக்கு நடுவே ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த நிறுவனத்துக்கு எங்கள் பக்கத்து ஒருங்கிணைப்பாளராகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்போம். வெளியாட்கள் இருந்தால் அவர் என்னை மேடம் என்பார். அவர்கள் ஜீப்பில் ஏறிப் புழுதி அடங்குவதற்குள் 'நீ' ஆகிவிடுவேன்.

பணம் கொடுத்தவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் சாருக்குக் கால் தரையில் நிற்காது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அந்தப் பெட்டி திறக்கப்பட்டது. வெள்ளைக் குழல், குட்டையான முக்காலி, கூடவே விரல்நுனி அளவுக்கு வளையத்தில் பதித்த ஒரு கறுப்புக் கண்ணாடி. கண் வைக்கும் முனையில் அதைத் திருகிக்கொள்ளலாம். வளையத்தின்மேல் ஆங்கிலத்தில் சூரியன் என்றே எழுதியிருந்தது.

"பாத்தியா, சூரியனப் பாக்கவே தனியாக் கண்ணாடி குடுத்திருக்கான். இத மாட்டிட்டா நேராவே பாக்கலாம். வெளிநாட்டுக்காரன் சும்மாவா குடுப்பான்" என்றார் சார்.

நேராகவே பார்க்கலாம் என்ற வார்த்தை என்னை இழுத்தது. ஒரு வருடத்துக்கு முன் மொட்டைமாடியில் நான் கேட்டது அதைத்தானே. படித்தவள் யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. முன்கண்ணாடி திரட்டுகிற சூடு அத்தனையும் வந்து குவிகிற இடத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சில்லை வைத்தால் என்ன ஆகும் என்று பாடப் புத்தகத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை. அதைச் செய்தவன் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். விற்றவன் சொல்லியிருக்க வேண்டும். மாட்டிவிட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை பேரைத் தாண்டி வந்துதான் என்னைக் கேட்கிறார்கள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முதலில் நான் குனிந்தேன். பச்சையாக ஒரு வட்டம் தெரிந்தது. அழகாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்குள் கேமராக்காரர் வந்துவிட்டார்.

"மேடம், அப்படியே இருங்க. தலைய அசைக்காதீங்க. இன்னும் ஒண்ணு. பின்னாடி அந்தக் கொட்டகை வரணும், கொஞ்சம் இப்படித் திரும்புங்க. கண்ண எடுக்காதீங்க."

எங்கள் பக்கத்தில் போட்டோ என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா வரை, எடுப்பவர் போதும் என்று சொல்லும்வரை கண் சிமிட்டவும் பயம். நானும் அப்படித்தான் நின்றேன். சூரியன் நகர நகர சார் குழலை நகர்த்திக் கொடுத்தார். ஒரு சத்தம் கேட்டது, வேர்க்கடலைத் தோல் உடைகிற மாதிரி. வட்டத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. தலையை இழுத்துக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி ஓரத்திலிருந்து ஓரம் வரை விரிசல் விட்டிருந்தது.

வலி இல்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பேன், பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். கண் கூசினால் கடற்கரையில் பிறந்தவளுக்கு அது ஒரு விஷயமா. மத்தியானம் முழுக்க எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு கலங்கல். தூங்கி எழுந்தால் போய்விடும் என்று படுத்தேன். காலையில் செய்தித்தாளை எடுத்து இடது கண்ணைப் பொத்தினால், எந்த வார்த்தையைப் பார்க்கிறேனோ அந்த வார்த்தை மட்டும் இல்லை. சுற்றியிருப்பது எல்லாம் இருக்கிறது.

தூசி விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் எங்கிருந்தோ நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து கண்ணில் ஒற்றி வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான். பள்ளியில் லீவு சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, கண் ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாளைக் காட்டி எந்தக் கட்டம் வளைகிறது, எது காணவில்லை என்று கேட்டார். "கிரகணம்கூட எதுவும் இல்லையேம்மா, சூரியன எதுக்குப் பாத்தீங்க?" என்றார். மருந்து இல்லை, சில பேருக்குத் தானாகக் கொஞ்சம் தேறும், மீதி இருப்பது இருப்பதுதான் என்றார். எனக்குக் கொஞ்சம் தேறியது. மீதி இருக்கிறது.

சாரிடம் போய்ச் சொன்னேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"கண்ணாடி வெடிச்சத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. நாலு நல்ல காரியம் நடக்குது, அது நின்னுடும். அதுவுமில்லாம உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. பொண்ணுக்குக் கண்ணு சரியில்லன்னு ஊர்ல பரவுனா யாரு வருவா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கண்ணாடிக்காக அல்ல. கண்ணாடி தெரியாமல் நடந்தது. இது தெரிந்து சொன்னது. கொட்டகையில் இருக்கிற பெண்ணின் பயம் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தொட்டுப் பார்த்துச் சொன்னது. மற்ற ஊர் வகுப்புகளுக்கும் அதே குழல்களைக் கொடுத்திருக்கிறீர்களே, கறுப்புக் கண்ணாடியையாவது திரும்ப வாங்குங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியும். அன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் கண்ணாடியில் இன்னொருத்தர் கண் வைக்கக் கூடாது.

தை பிறப்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் புது வருட காலண்டர் வந்தது. தேதித் தாள் கிழிக்கிற காலண்டர், மேலே பெரிய அட்டை. அட்டையில் நான். வலது கண்ணைக் குழலில் பதித்துக் குனிந்திருக்கிறேன். பின்னால் கொட்டகை, கறுத்த பிள்ளைகள், நீல வானம். கீழே 'சூரியனை நோக்கி ஒரு மீனவப் பெண்' என்று எழுதியிருந்தது. என் கண் வெந்துகொண்டிருந்த நிமிஷத்தை வழவழப்பாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்ன சொல்வது. மீன் விற்கப் போகிற தெருவெல்லாம் சொன்னாள். எம் பொண்ணு காலண்டர்ல வந்திருக்கு என்று கூடையை இறக்கி வைத்துச் சொல்வாள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். வருடம் முடிந்து தேதித்தாள் எல்லாம் போன பிறகும் அட்டை இறங்கவில்லை. எங்கள் வீடுகளில் நல்ல படம் போட்ட காலண்டர் அட்டையை யார் இறக்கினார்கள். கொட்டகையிலிருந்து காங்கிரீட் வீட்டுக்கு மாறியபோது அரிசிப் பானைக்கு முன்னால் அந்த அட்டைதான் உள்ளே போனது. எடுத்துவிடு என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "என்னாத்துக்குடி எடுக்கணும்? பட்டணத்துக்காரன் போட்ட படம்" என்பாள். ஏன் எடுக்க வேண்டும் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் அறைத் தோழி அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலையில் இருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன். பரிதாபப்படுவாள் என்று பயந்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. "அன்னைக்கே பேப்பர்ல எவ்ளோ அழகா விழுந்துது. நீதான் டிவி கீவின்னு பேசின. அந்தக் குழாய எடுத்துகிட்டு வாடி" என்றாள். விரிசல் விட்ட கண்ணாடியோடு இருந்த எங்கள் வகுப்புத் தொலைநோக்கியை யாரும் தேடவில்லை. பையில் சுருட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

கீழவீதிக்குப் பின்னால் அவள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில்தான் நான் சூரியனைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் காரியமாக அவள் குழலைச் சூரியனுக்குத் திருப்பி, கண் வைக்கிற இடத்தில் ஒரு காய்ந்த தென்னங்கீற்றைக் காட்டினாள். பேச்சு முடிவதற்குள் புகைந்தது. ஓலையில் கறுப்பாக ஒரு ஓட்டை. அவள் ஓலையைக் கீழே போட்டு மிதித்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. குழலுக்கு மேலே குறி பார்ப்பதற்கென்று ஒட்டியிருக்கும் குட்டிக் குழலை ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்தே விட்டோம். அது இருந்தால் எவராவது அதில் கண் வைப்பார்கள், அதுவும் சுடும். குறி பார்க்கக் கண் தேவையே இல்லை. குழலின் நிழலைத் தரையில் பார்த்துக்கொண்டே திருப்ப வேண்டும். நிழல் குறுகிக் குறுகி வட்டமாகும்போது சூரியன் தானாக உள்ளே வந்துவிடும். முன்கண்ணாடிக்கு ஓட்டை போட்ட அட்டை மூடி ஒன்று செய்தோம், வெளிச்சம் பாதியாகக் குறைய. இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். பின்னால் ஒரு முழம் தள்ளி வெள்ளைத் தாள். தாளில் சூரியன் விழுந்தால் பத்துப் பேர் ஒரே சமயத்தில் பார்க்கலாம், விரலால் தொட்டுக் காட்டலாம், பென்சிலால் வரையலாம். குழலை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போனாலும் குழலை வேறு பக்கம் திருப்பிவிட்டுத்தான் போக வேண்டும்.

நேராகவே பார்ப்பதற்கும் வழி இருக்கிறது. அதற்கென்று வெள்ளி நிறத்தில் பளபளவென்று மெல்லிய தாள் விற்கிறது. அதை முன்பக்கம், வெளிச்சம் உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே மறிக்கிற மாதிரி கட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பல்புக்கு எதிரே பிடித்து ஊசி ஓட்டையாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில் கழன்றுவிடாமல் டேப் ஒட்ட வேண்டும். தோழி கல்லூரிக்கு அதை வரவழைத்து எல்லோருக்கும் காட்டினாள். நான் ஒரு தடவைகூடக் குனியவில்லை. அது பத்திரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதைக் குழலில் வைக்க என் கழுத்து வளையவில்லை.

அந்த நிறுவனம் ஒருநாள் மூட்டை கட்டியது. திட்டம் முடிந்துவிட்டதாம். சார் வேறு எங்கோ, வேறு ஏதோ கஷ்டத்துக்குப் போனார். தகரப் பலகை மட்டும் நின்றது. கறுப்புக் கண்ணாடிகள் கடலோர ஊர்களில் சிதறிக் கிடந்தன. பரங்கிப்பேட்டைப் பக்கம் போகிற டவுன் பஸ்களில் நானும் தோழியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறி இறங்கினோம். ஒரு ஊரில் குழலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஷெல்பில் ஏற்றியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்குவார்களாம். கும்பிட்டதால் பிள்ளைகள் கண் தப்பித்தது. இன்னொரு ஊரில் கண்ணாடியை எலி இழுத்துப் போயிருந்தது. அந்த எலிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாவதாகப் போன ஊரில் வகுப்பு எடுத்த பெண் எங்களை உள்ளே அழைத்தாள். சுவரில் நான் இருந்தேன்.

"நீங்கதானே அது? பாத்தாலே தெரியுது" என்று டீ வாங்க ஆள் அனுப்பினாள். "எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. இந்தப் படத்தப் பாத்துதான் கத்துக்கிட்டோம். நீங்க எப்பிடிக் குனிஞ்சிருக்கீங்களோ அப்பிடித்தான் பசங்கள குனிய வக்கிறேன்."

இதில் பார்க்கக் கூடாது என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க மட்டும் பாக்கலாம், எங்க பசங்க பாக்கக் கூடாதா?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என் வலது கண்ணில் இருந்தது. அதைச் சொல்லாமல், இந்தக் கண்ணாடியெல்லாம் பழுதாம், வேறு தரப்போகிறார்களாம், அதுவரைக்கும் தாளில் பாருங்கள் என்று புளுகி வாங்கினேன். தோழி பக்கத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் யாருக்காவது கண்ணில் ஏதாவது கோளாறா என்று போகிற போக்கில் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்றாள். இருந்திருந்தாலும் எந்தப் பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கும். நானே சொல்லவில்லையே.

வாங்கி வந்த கண்ணாடிகளை அம்மிமேல் வைத்துக் குழவியால் நசுக்கினேன். கை நிறையக் கறுப்புத் தூள். மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் படத்தை எப்படி நசுக்குவது. அது எத்தனை சுவரில் தொங்கியதோ.

கல்யாணப் பேச்சும் நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா முதலில் காட்டியது காலண்டரைத்தான். பார்த்தார்கள், நல்லாயிருக்கு என்றார்கள், பஜ்ஜி தின்றார்கள். எங்கள் ஜனத்தில் வந்தவர்கள் பொண்ணுக்குப் படிப்பு ஜாஸ்தி என்று போனார்கள். படித்த மாப்பிள்ளை வீட்டார் குப்பத்தில் சம்பந்தமா என்று போனார்கள். ஒருத்தர்கூடக் கண்ணைக் கேட்கவில்லை. நடக்காத கல்யாணத்துக்காக நான் வருடக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சார் எங்கே இருந்தாலும் அவருக்கு இதைத் தெரியப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

இடையில் சில வருடங்கள் சூரியன் வெறிச்சென்று கிடந்தது. மாதக்கணக்கில் ஒரு புள்ளிகூட இருக்காது. என் பள்ளிப் பிள்ளைகள் தாளைப் பார்த்துவிட்டு, மிஸ், ஒண்ணுமே இல்லையே என்பார்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எனக்கு மட்டும் நடுவில் ஒரு புள்ளி இருக்கும். 2010 தையில் கிரகணம் வந்தபோது தெற்கே போனவர்களுக்கு வளையம் தெரிந்தது. எங்களுக்குப் பிறை. பள்ளி வேப்பமரத்தடியில் தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகள். பிள்ளைகள் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார்கள். அன்றைக்கு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள், காலண்டருக்குக் கீழே.

2012 ஜூனில் அந்த எட்டு வருடம் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை விடியும்போதே வெள்ளி சூரியனுக்குள் இருக்கும். கடற்கரையை விட நல்ல இடம் ஏது. என் அக்கா புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் முக்காலியைத் தோளில் சுமந்து வந்து, படகுகள் ஏற்றி வைக்கும் மேட்டில் மணலை மிதித்துக் கெட்டியாக்கி நட்டுக் கொடுத்தார். "நாங்க தெனமும் இவரு மூஞ்சியிலதான் முழிக்கறோம். இன்னைக்கி என்னா புதுசா?" என்றார். கிடைக்கிற இடத்தில் எல்லாம் என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கடல்மேல் மேகம் கட்டியிருந்தது. அது விலகி வெயில் ஏறிய பிறகு நிழலைப் பார்த்துக் குழலைத் திருப்பினேன். தாளில் தட்டு விழுந்தது. அதில் மிளகு. எட்டு வருடத்துக்கு முன் சப்பென்று போன அதே புள்ளி. இப்போது நான் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். மாமா குனிந்து தாளைப் பார்த்து, "அட, மெய்யாலுமே இருக்குது" என்றார். குப்பத்து ஜனம் கூடிவிட்டது. யார் குழலின் பக்கம் தலையைக் கொண்டுபோனாலும் நான் சத்தம் போட்டேன். "யாரும் இதுல கண்ண வைக்கக் கூடாது. நேரா பாத்தா கண்ணு போயிடும். பேப்பர மட்டும் பாருங்க." தொண்டை கட்டும்வரை அதையே சொன்னேன். ஒரே ஒரு குறை. குழலைச் சுற்றி வந்த வெயில் தாளில் அடித்து உருவம் வெளுத்தது. அந்த வெயிலை மறைக்கக் குழலில் மாட்டுகிற அட்டையைச் சிதம்பரத்திலேயே தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மீன் ஏலம் முடிந்து அம்மா வந்தாள். கூடையை இறக்கிவிட்டுத் தாளைப் பார்த்தாள். புள்ளியைக் காட்டினேன். தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் நான் சத்தம் போடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்து, ஆட்கள் அவரவர் வலைக்கும் அடுப்புக்கும் போன பிறகு பக்கத்தில் வந்தாள்.

"இதுல கண்ண வச்சா போயிடும்ங்கறியே. காலண்டர்ல நீ வச்சுத்தானே பாக்குற?"

கை பட்டுக் குழல் நகர்ந்து, தாளிலிருந்து சூரியன் நழுவிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவது மாதிரி நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நகரவில்லை. கூடை கூடையாக மீனைச் செவுள் பார்த்து வாங்குகிறவள். அவளிடம் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்.

"எந்தக் கண்ணு?" என்றாள்.

வலது கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

வீட்டைப் பார்த்து நடந்தாள். மாமா என்னைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்துக்கொண்டார். அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள், போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். குழலை விட்டுப் போக முடியவில்லை. அதற்குள் அவளே வந்துவிட்டாள். ஒரு கையில் காலண்டர் அட்டை, ஒரு கையில் மீன் அறுக்கிற கத்தி. மணலில் அட்டையைப் போட்டு, முழங்காலால் அழுத்திக்கொண்டு, என் முகமும் குழலும் சேர்கிற இடத்தில் கத்தியைச் செருகி வட்டமாக அறுத்தாள். எடுத்து நீட்டினாள்.

"வெய்யிலு பேப்பர்ல அடிக்குது பாரு. இத மாட்டி மறைச்சிக்க."

ஓட்டை சரியாக இருந்தது. குழலை அதில் நுழைத்தேன். அட்டையின் நிழல் தாள்மேல் விழுந்தது, சூரியன் கெட்டியாகத் தெரிந்தது. வெள்ளி விளிம்பைத் தொட்டுவிட்டது. அம்மா உள்ளங்கையால் தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தாளைப் பார்த்தாள். பிறகு கையை மாற்றி இடது கண்ணைப் பொத்திப் பார்த்தாள். அவளுக்கு இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"இத்தினி வருசமா ஒங் கண்ணு போனதையா நானு செவுத்துல மாட்டி வச்சி ஊருக்கெல்லாம் காட்டினேன்?" என்றாள்.

சூரியன் தாளின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது. குழலைக் கொஞ்சம் தள்ளி அதை மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவந்தேன்.